12 பாத்தியும் 4 தூணும்: ஆய்வு மாணவர்களுக்கு ஒரு கிராஃப் வகுப்பைத் திட்டமிட்ட பதிவு

ஆடிக் காற்று ஜன்னல் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மஞ்சளில் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் ஆய்விதழிலிருந்து திரும்பி வந்த கட்டுரையோடு என் அறை வாசலில் வந்து நின்றார். நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லித் தருகிறேன். மற்ற துறை ஆய்வு மாணவர்கள் கணக்கில் எங்காவது சிக்கிக்கொண்டால் என்னைத் தேடி வருவது வழக்கம். "டேபிள்ல வித்தியாசம் இருக்குதுன்னு ஸ்டார் போட்டிருக்கறனுங்க சார். படத்துல பாத்தா எரர் பார் ஒண்ணுக்கு ஒண்ணு இடிச்சிட்டு நிக்குது. ரெண்டுல எது சரின்னு ரிவியூவர் கேட்டிருக்கறாருங்க" என்றார்.

நியாயமான கேள்வி. ஸ்டார் என்பது வித்தியாசம் தற்செயலானதல்ல என்று கணக்கு சொல்வதற்கான குறி; எரர் பார் என்பது எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டப் படத்தில் போடும் கோடு. மஞ்சளுக்கு 4 உர அளவு, ஒவ்வொன்றுக்கும் 3 ரெப்ளிகேஷன் (அதே அளவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது), ஆக 12 பாத்தி. ஆர்பிடி முறையில், அதாவது வயலை 3 பிளாக்காகப் பிரித்து ஒவ்வொரு பிளாக்கிலும் 4 அளவையும் குலுக்கிப் போட்டு நட்டிருந்தார். படத்தில் எக்ஸெல் போட்டுக் கொடுத்த 4 தூண், ஒவ்வொரு தூணின் தலையிலும் எஸ்டி (திட்ட விலக்கம்) அளவுக்கு ஒரு எரர் பார். படத்தை ஓரமாக வைத்துவிட்டு வயல் நோட்டைக் கேட்டேன். ஒரு கிராஃப் ஷீட்டை எடுத்து 12 எண்ணையும் பென்சிலால் புள்ளி வைத்தோம். அப்புறம் ஒரே பிளாக்கைச் சேர்ந்த புள்ளிகளைக் கோட்டால் இணைக்கச் சொன்னேன். மூன்று கோடு வந்தது. மூன்றும் ஏறக்குறைய ஒரே சாய்வில் மேலேறின. மூன்றாவது பிளாக்கின் கோடு மட்டும் மற்ற இரண்டுக்கும் வெகு கீழே தனியாக ஏறியது. "இந்த பிளாக் வயல்ல எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டதும் நோட்டில் நாலைந்து பக்கம் பின்னால் திருப்பினார். ஐப்பசி மழையில் அந்த மூலையில் மூன்று நாள் தண்ணீர் நின்றது, ஆள் வைத்து வடிகால் வெட்டியது, எல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார்.

ஒவ்வொரு தூணுக்குள்ளும் இரண்டு நல்ல பாத்தி, ஒரு தண்ணீர் நின்ற பாத்தி. மூன்றையும் சேர்த்து எஸ்டி எடுத்தால் எரர் பார் நீளத்தான் செய்யும். அனோவா (மொத்த வித்தியாசத்தைக் காரணவாரியாகப் பிரிக்கும் கணக்கு) அட்டவணை பிளாக் வித்தியாசத்தைத் தனியாகக் கழித்துவிட்டு உரத்தின் வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறது, அதனால் ஸ்டார் சரி. படத்தில் அந்தக் கழித்தல் நடக்கவில்லை, அவ்வளவுதான். மூன்று கோடு போட்ட படத்தைப் பார்க்கிறவருக்கு உரம் கூடக்கூட மகசூல் கூடுகிறது என்பதும், ஒரு பிளாக் மட்டும் ஏதோ காரணத்தால் கீழே கிடக்கிறது என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மஞ்சள் 9 மாதப் பயிர். அத்தனை மாதம் வெயிலிலும் மழையிலும் நின்று எடுத்த 12 எண்ணை 4 தூணுக்குள் போட்டு மூடி அனுப்புவது எனக்குப் பொறுக்கவே இல்லை.

"இதை யாருமே சொல்லித் தரலீங்க சார்" என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார். உண்மைதான். பிஎச்டி கோர்ஸ் ஒர்க்கில் ஆய்வு முறையியல் இருக்கிறது, ஆய்வு அறம் இருக்கிறது, புள்ளியியல் இருக்கிறது. எடுத்த எண்ணைப் படமாகப் போடுவது எப்படி என்பது மட்டும் அவரவர் சீனியரிடமிருந்து வந்த எக்ஸெல் ஃபைலைப் பார்த்துக் கற்றுக்கொள்கிற காரியமாகவே இருக்கிறது. அன்றைக்குச் சாயந்திரம் உட்கார்ந்து எழுத ஆரம்பித்த திட்டம்தான் இது. 6 சனிக்கிழமை, ஒவ்வொன்றும் 3 மணி நேரம்.

முதலில் எழுதிய திட்டத்தை இப்போது எடுத்துப் பார்த்தால் பாடப் புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி இருக்கிறது: முதல் வாரம் வரலாறு, இரண்டாம் வாரம் படங்களின் வகைகள், மூன்றாம் வாரத்திலிருந்து மென்பொருள். நாலு மாணவர்களை வைத்து ஒரு சனிக்கிழமை ஒத்திகை பார்த்தேன். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளையும் அதில் படம் போடும் ஜிஜிபிளாட்2-ஐயும் நாலு லேப்டாப்பில் ஏற்றி முடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. ஒருவருக்கு இணையம் நின்றது, ஒருவருக்கு டிஸ்கில் இடம் இல்லை. மிச்சமிருந்த ஒரு மணி நேரத்தில் எல்லோரும் நான் கொடுத்த மாதிரி எண்களை வைத்து நான் கொடுத்த வரிகளை அப்படியே தட்டினார்கள். படம் அழகாக வந்தது. "இது என்ன சொல்லுது?" என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் அந்த எண்ணோடு அவர்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தத் திட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டேன்.

மாற்றி எழுதியதில் முதல் முடிவு, முதல் நாள் லேப்டாப்பே கிடையாது. கிராஃப் ஷீட், பென்சில், அளவுகோல், அவரவர் சொந்த எண்கள்.

அன்றைக்குக் காலையில் புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம்ப் 1973-இல் கொடுத்த நாலு தொகுதிகளை வைத்துக்கொள்ளப் போகிறேன். வகுப்பை நாலு குழுவாகப் பிரித்து ஆளுக்கு ஒரு தொகுதி, ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள். முதலில் கால்குலேட்டரில் சராசரி எடுக்கச் சொல்வேன். எல்லாக் குழுவுக்கும் எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5. ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண்) எல்லாவற்றுக்கும் 0.82 பக்கம், புள்ளிகளுக்கு நடுவே பொருத்தும் ரிக்ரஷன் கோடும் அதேதான். நாலு பேருக்கும் ஒரே எண்களைக் கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது வரையச் சொல்லி, நாலு தாளையும் கரும்பலகையில் வரிசையாக ஒட்ட வேண்டும். ஒன்று சாதாரணமாகச் சிதறிய புள்ளிகள், ஒன்று வளைந்து இறங்கும் வில், ஒன்று நேர்கோட்டில் நின்று ஒரே ஒரு புள்ளி மட்டும் விலகியது, கடைசியில் 10 புள்ளிகள் எக்ஸ் 8-இல் செங்குத்தாக அடுக்கி நிற்க ஒன்று மட்டும் 19-இல் தனியே. இதைத் திரையில் காட்டினால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், நாளைக்கு மறந்தும் போகும். கையால் புள்ளி வைத்தவனுக்குத் தன் தாள் மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்று தோன்றும் பாருங்கள், அதற்காகவே ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

மீதி நேரம் அவரவர் எண்கள். வரைவதற்கு முன் தாளின் மேல் ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும்: இந்தப் படம் என்ன சொல்ல வேண்டும்? "மகசூல் ஒப்பீடு" என்றெல்லாம் எழுதக் கூடாது, வினைச்சொல்லோடு முழு வாக்கியமாக எழுத வேண்டும். இதை ஒத்திகை மாணவர்களிடம் பிறகு ஒரு நாள் செய்து பார்த்தேன். வாக்கியம் எழுத அரை மணி நேரம் ஆனது, படம் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது.

இரண்டாம் வாரம் எரர் பார். ஒரு முழு நாள் எதற்கு என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். மூன்று ரெப்ளிகேஷன் இருக்கும்போது எஸ்டி போட்டால் நீளம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே எஸ்இ-யாக (சராசரியின் திட்டப்பிழை) போட்டால் 0.58, ஏனென்றால் எஸ்டியை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுக்கிறோம். 95% நம்பிக்கை இடைவெளி (உண்மைச் சராசரி இருக்கக்கூடிய எல்லை) போட்டால் 2.48, ஏனென்றால் மூன்று எண் மட்டும் இருக்கும்போது எஸ்இ-யைப் பெருக்க வேண்டிய டி-யின் அட்டவணை மதிப்பு 4.303. ஒரே மூன்று எண்ணுக்கு மூன்று நீளம், சின்னதுக்கும் பெரியதுக்கும் நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம். எது போட்டோம் என்று படத்தின் கீழ் எழுதாமல் விட்டால் படிக்கிறவர் என்ன புரிந்துகொள்வார்? நான் பார்க்கும் ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரி இருப்பதில்லை.

இதில் எக்ஸெல்லின் ஒரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சார்ட்டில் எரர் பார் என்ற இடத்தில் ஸ்டாண்டர்ட் எரர் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை அழுத்தினால், உங்கள் ரெப்ளிகேஷன்களின் எஸ்இ வரும் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். எக்ஸெல்லுக்கு உங்கள் ரெப்ளிகேஷன்களே தெரியாது, தூணாக நிற்கும் அந்த 4 சராசரிகளை வைத்தே ஒரு எஸ்இ கணக்கிட்டு எல்லாத் தூணிலும் ஒரே நீளத்தில் ஒட்டிவிடும். கஸ்டம் என்பதற்குள் போய் நாமே கணக்கிட்ட எண்களைக் கொடுக்க வேண்டும். ஒரு படத்தில் எல்லா எரர் பாரும் ஒரே நீளமாக நின்றால் உடனே மாணவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அனோவாவிலிருந்து வந்த எஸ்இடி (இரண்டு சராசரிகளின் வித்தியாசத்துக்கான திட்டப்பிழை) அல்லது சிடியை (வித்தியாசம் உண்மைதான் என்று சொல்லத் தேவையான குறைந்த அளவு) தெரிந்தே எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போட்டிருந்தால் அது வேறு, அதையும் கீழே எழுதியிருக்க வேண்டும். ரெப்ளிகேஷன் மூன்றோ நாலோதான் என்றால் என் முடிவு தெளிவாகவே இருக்கிறது: புள்ளிகளையே காட்டுங்கள், அதன்மேல் சராசரிக்கு ஒரு சின்னக் கோடு, போதும்.

மூன்றாம் வாரம் அச்சு (படத்தின் ஆக்ஸிஸ்). இதற்கு உதாரணம் தேடி அலையவே இல்லை, நான் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவன். எங்கள் பக்கம் காலையில் பேப்பரைப் பிரித்தால் பவானிசாகர் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்றுதான் முதலில் கண் போகும். முழு மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டிஎம்சி. அப்படியென்றால் 52 அடியில் பாதித் தண்ணீர் இருக்கிறதா? இல்லவே இல்லை. அணைக்குள் நிலம் கீழே குறுகி மேலே அகன்று கிடக்கிறது, மேலே போகப் போக ஒவ்வோர் அடிக்கும் பிடிக்கிற தண்ணீர் கூடிக்கொண்டே போகும். 20 அடியிலிருந்து 30-க்கு ஏறுவதும் 95-லிருந்து 105-க்கு ஏறுவதும் பேப்பரில் ஒரே 10 அடிதான், தண்ணீர்க் கணக்கில் இரண்டுக்கும் ஒப்பே கிடையாது. 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டுக்காரர்களுக்கு இது படிக்காமலே தெரியும், "அடியச் சொல்லாதீங்க, டிஎம்சி எத்தனைன்னு சொல்லுங்க" என்று டீக்கடையில் கேட்பார்கள். மாணவர்களுக்கான வேலை இது: நாளிதழில் வரும் நீர்மட்டத்தையும் இருப்பையும் ஒரு மாதத்துக்குக் குறித்து வர வேண்டும், ஒரே மாதத்தை அடியில் ஒரு கோடாகவும் டிஎம்சியில் ஒரு கோடாகவும் வரைய வேண்டும். எதை அளக்கிறோம், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்ற இரண்டும் ஒன்றுதானா என்ற கேள்வி அவரவர் ஆய்வுக்குள் அங்கிருந்து போகட்டும்.

தூண் போட்டால் அச்சு பூஜ்யத்தில் ஆரம்பிக்க வேண்டும், கோட்டுப் படத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதையும் இதே எண்களில் காட்டிவிடலாம். 60 அடியிலிருந்து தூண் கிளப்பினால் 90-க்கும் 75-க்கும் இடையில் இரண்டு மடங்கு வித்தியாசம் இருப்பதாகக் கண் சொல்லும். அப்புறம் இரட்டை அச்சு. இடது பக்கம் அணை மட்டம், வலது பக்கம் மஞ்சள் விலை. வலது அச்சின் தொடக்கத்தையும் முடிவையும் கொஞ்சம் நகர்த்தினால் இரண்டு கோடும் கைகோத்துப் போகும், இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் ஒன்றையொன்று வெட்டும். இதை மாணவர்கள் கையாலேயே செய்து பார்த்துவிட்டால் போதும், ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தனிப் படமாகப் போடுங்கள் என்று நான் சொல்லத் தேவை இருக்காது.

நாலாம் வாரம் நிறம். ஒத்திகைக்கு வந்தவர்களில் ஒருவர் நொய்யல் கரையோரக் கிணறுகளில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) அளந்து வைத்திருந்தார். 14 கிணறு. அதை வரைபட மென்பொருளில் கொடுத்து, வானவில் நிறத்தில் நீலத்திலிருந்து சிவப்பு வரை ஆற்றங்கரை முழுக்கப் பூசிய மாதிரி ஒரு படம் எடுத்திருந்தார். பார்க்கப் பிரமாதம். "சார், தீசிஸ்ல எல்லாப் பக்கமும் கலர் போட்டா கட்டுப்படியாகாதுங்க, பிளாக் அண்ட் ஒயிட்ல வருமுங்களா?" என்று கேட்டார். சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று இரண்டு பேரும் கல்லூரி எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணன் படத்தை வைத்து ஒரு நகல் எடுத்துக் கொடுத்தார். மிக நல்ல தண்ணீரைக் காட்டிய கருநீலமும் மிக மோசமான தண்ணீரைக் காட்டிய அடர்சிவப்பும் ஒரே சாம்பலில் வந்து நின்றன. நடுவில் இருந்த மஞ்சள் மட்டும் வெள்ளை வெளேரென்று பளிச்சிட்டது. மாணவர் அந்தத் தாளைத் தெருவிலேயே நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வானவில்லின் குறையே அதுதான், வெளிச்சம் ஒரே சீராக ஏறாமல் நடுவில் ஏறி இரண்டு முனையிலும் இறங்குகிறது. படம் போடும் மென்பொருள்களில் மேட்லேப் 2014-இலும், பைத்தானில் இயங்கும் மேட்பிளாட்லிப் 2017-இல் வந்த 2.0 பதிப்பிலும் இயல்பு நிறமாக வைத்திருந்த ஜெட் என்ற வானவில்லைக் கைவிட்டன. மேட்பிளாட்லிப் அதற்குப் பதில் வைத்த விரிடிஸ், கரும் ஊதாவில் ஆரம்பித்து மஞ்சள் வரை வெளிச்சம் சீராக ஏறும், ஜெராக்ஸிலும் வரிசை மாறாது. டிடிஎஸ்ஸுக்கு எனக்குப் பட்டது இன்னும் எளிய வழி. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் ஏற்கத்தக்கது லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழி இல்லாத இடத்தில் அனுமதிப்பது 2000 வரை. அந்த இரண்டு எண்ணில் வெட்டி மூன்றே சாயம் போட்டால் படிக்கிறவருக்கு உடனே பொருள் புரியும். அதைவிட முக்கியம், 14 கிணற்றையும் வரைபடத்தில் புள்ளியாக வைத்தாக வேண்டும். கிணறே இல்லாத இடத்தில் மென்பொருள் பக்கத்துக் கிணறுகளைப் பார்த்துத் தானாக நிரப்பிய நிறத்தை, அளந்த மாதிரி காட்டக் கூடாது. இந்த இடத்தில் மருத்துவர் ஜான் ஸ்னோவின் 1854 காலரா வரைபடத்தைப் பத்து நிமிடம் காட்டப் போகிறேன். லண்டன் பிராட் தெரு அடிபம்பைச் சுற்றி, செத்தவர்களை வீடு வீடாகக் குறித்த படம் அது. முதல் திட்டத்தின் வரலாற்று வாரத்திலிருந்து நான் காப்பாற்றி வைத்துக்கொண்டது இது ஒன்றைத்தான்.

சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக உண்டு, ஒத்திகைக்கு வந்த நாலு பேரிலேயே ஒருவர் இருந்தார். வகுப்பு முடிந்தபின் தனியாக வந்து சொன்னார். அதனால் நிறத்தோடு வடிவமும் மாற வேண்டும் (வட்டம், முக்கோணம்), கோட்டின் முனையிலேயே பெயர் எழுத வேண்டும் என்பது ஆறு வாரமும் விதி.

ஐந்தாம் வாரம்தான் கணினி. ஆய்வகக் கணினிகளில் முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடுவேன், தேவையானது எல்லாம் பென் டிரைவிலும் இருக்கும். ஆர் தெரிந்தவர் ஆரில், பைத்தான் தெரிந்தவர் பைத்தானில், எக்ஸெல் மட்டும் தெரிந்தவர் எக்ஸெல்லில். முதல் நாள் கையால் வரைந்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத் திரையில் கொண்டுவருவதுதான் வேலை. அளவை முதலிலேயே பொருத்த வேண்டும்: ஆய்விதழின் ஒரு பத்தி அகலம் பெரும்பாலும் 85 மில்லிமீட்டர் சுற்றி இருக்கும், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்றால் குறுக்கே 1000 பிக்சல். 8 அங்குல அகலத்தில் 10 புள்ளி எழுத்தில் படம் போட்டு அதை 85 மில்லிமீட்டருக்குச் சுருக்கினால் எழுத்து 4 புள்ளி ஆகிவிடும், பூதக்கண்ணாடிதான் வேண்டும்.

தமிழ்த்துறை மாணவர் ஒருவர் கொங்கு நாட்டு ஊர்ப் பெயர்களின் ஈறுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்: பாளையம், வலசு, பட்டி, தோட்டம், காடு. பைத்தானில் படம் போட்டபோது தமிழுக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தன, ஏனென்றால் மேட்பிளாட்லிப்போடு வரும் டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழே இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்ததும் எழுத்து வந்தது, ஆனால் பாளையத்தில் ஐகாரக் கொம்பு ளகரத்துக்குப் பின்னால் போய் நின்றது, தோட்டத்தில் இரட்டைச் சுழிக் கொம்பும் காலும் சேர்ந்து தகரத்துக்கு வலப்புறம் ஒதுங்கின. யூனிகோடில் மெய்யெழுத்து முதலிலும் உயிர்க்குறி பின்னாலும்தான் சேமிக்கப்படும், திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது ஷேப்பிங் என்ற தனி வேலை. எங்கள் ஆய்வகத்தில் இருந்த பதிப்பு அதைச் செய்யவில்லை. இரண்டு வழி கிடைத்தது. ஆரில் ராக் என்ற தொகுப்பு வழியாகப் படத்தைச் சேமித்தால் கொம்பு சரியான இடத்தில் வருகிறது. பைத்தானையே வைத்துக்கொள்வதென்றால், எழுத்தை எழுத்தாகவே விடும்படி அமைத்து எஸ்விஜி ஃபைலாகச் சேமித்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்து பிடிஎஃப் எடுத்துக்கொள்ளலாம். தூண்களைப் படுக்க வைத்து, பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கினோம். சாய்த்து எழுதாமல் பாளையம் முழுசாகப் படிக்க முடிந்தது. தமிழில் ஆய்வு செய்கிறவர் இதற்காக ஆங்கில எழுத்தில் லேபிள் போடும் நிலை வரக் கூடாது, அதனால் இந்த இரண்டு வழியையும் ஒரு பக்கத் தாளாக அடித்து எல்லோருக்கும் கொடுக்கப் போகிறேன்.

ஆறாம் வாரம் நான் பேசப் போவதில்லை. ஒவ்வொருவரும் தன் பழைய படத்தையும் புதிய படத்தையும் கொண்டு வர வேண்டும். வேற்றுத் துறைக்காரர் ஒருவர் புதியதை 30 நொடி பார்த்துவிட்டு, தாளைக் கவிழ்த்து வைத்து, என்ன புரிந்தது என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அதை முதல் நாள் எழுதிய வாக்கியத்தோடு வைத்துப் பார்ப்போம். மஞ்சள் மாணவி தன் படத்தை ஏற்கெனவே இப்படிச் சோதித்துவிட்டார், கணினித் துறை மாணவி ஒருவர் "உரம் ஏற ஏற மகசூல் ஏறுது, ஒரு பக்க வயல் மட்டும் ஏதோ அடி வாங்கியிருக்குது" என்று எழுதியிருந்தார்.

பாக்கி இருப்பது சில்லறை வேலைகள்தான். கிராஃப் ஷீட் வாங்க வேண்டும், சத்தியமங்கலம், தாராபுரம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்காக ஆரம்பிக்கும் நேரத்தை ஒன்பதிலிருந்து பத்துக்கு மாற்ற வேண்டும். நேற்று ராத்திரி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன்: முதல் நாள் லேப்டாப் வேண்டாம், வயல் நோட்டோ லேப் நோட்டோ, எண்ணை முதன்முதலில் எந்தத் தாளில் எழுதினீர்களோ அதை எடுத்து வாருங்கள். பத்து நிமிடத்தில் ஒருவர் கேட்டிருந்தார்: "பென்சில்ல கிறுக்கி, அடிச்சுத் திருத்தி வெச்சிருக்கறனுங்க சார், நல்லா எழுதிட்டு வரட்டுங்களா?" வேண்டாம், திருத்தியது தெரியும்படி அப்படியே கொண்டு வாருங்கள் என்று பதில் போட்டேன்.